பொதுச் சொத்தும் பொது விவாதமும்

(ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் ஊருக்குப் பொதுவாக ஏரி உண்டு; மேய்ச்சல் நிலம் உண்டு; சாவடி உண்டு. இவற்றுள் எதுவும் தனி ஒருவருக்கு உரியதன்று. ஆயினும், எவரும் கவனியாது விட்டால் எதுவும் நிலைப்பதில்லை. கரையில் நண்டு வளையைக் கண்டவர் 'நமக்கென்ன' என்று போய்விட்டால், ஐப்பசி மழையில் ஊரார் வயலோடு அவர் வயலும் சேர்ந்தே பாழாகும். இதை உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

இன்று நாம் பேசப் புகுவது வேறு வகையான ஒரு பொதுச் சொத்தைப் பற்றியாகும். அது மண்ணாலும் கல்லாலும் ஆனதன்று, எழுத்தால் ஆனது. அதன் பெயர் போஸ்ட்கிரெஸ். பல நாடுகளைச் சேர்ந்த மக்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒன்றுகூடி வளர்த்துவரும் தரவுத்தள மென்பொருள் அது. அஃது இன்றளவும் எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையாகவும் ஆகிவிடவில்லை. அவ்வாறு ஆகாமல் காத்தது எது? அதனை வளர்ப்போர் யாவரும் அறிய வாதாடுகின்றனர். வாதாடிய பின் ஒன்றுபடுகின்றனர். இப்பழக்கமே அதனைக் காத்தது என்பது நம் கருத்து. அதனைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

தரவுத்தளம் என்பது யாது?

உங்கள் அலுவலகத்தில் வரி வசூல் பதிவேடு இருக்கிறது. குடிநீர் இணைப்புப் பதிவேடு இருக்கிறது. வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. முன்னாளில் இவை யாவும் காகிதத்தில் இருந்தன. இந்நாளில் பெரும்பகுதி கணினிக்குள் சென்றுவிட்டது. மத்திய அரசு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இ-கிராம் சுவராஜ் என்னும் தளத்தைத் தொடங்கிய பின்னர், ஊராட்சிகளின் திட்டங்களும் கணக்குகளும் அதில் ஏற்றப்படுவதை நீங்கள் அறிவீர்கள். இவ்வாறு கணினிக்குள் செல்லும் பதிவுகளை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்து, தவறாமல் காக்கும் மென்பொருளே தரவுத்தளம் எனப்படும். பதிவறையும் அதுவே, பதிவறைக் காப்பாளரும் அதுவே.

பதிவுகளை அட்டவணைகளாக அமைத்து, ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்து வெளியிட்டார். இன்று உலகில் வழங்கும் தரவுத்தளங்களுள் மிகப் பல அம்முறையைப் பின்பற்றுவனவே.

நல்ல தரவுத்தளத்தின் கடமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கணக்குத் தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்கு 10,000 ரூபாய் மாற்றுகிறோம் என்று கொள்வோம். முதல் தலைப்பில் கழித்தாயிற்று; இரண்டாவதில் கூட்டுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. அப்பணம் எங்கே போயிற்று? நல்ல தரவுத்தளத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. கழித்தலும் கூட்டலும் இரண்டும் நிகழும். அன்றேல் இரண்டும் நிகழா. 'பதிவாயிற்று' என்று அது ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த நொடியில் மின்சாரம் போயினும் அப்பதிவு அழியலாகாது.

இதற்கு அது கையாளும் வழி நம் பழைய கணக்கர்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் நாளேடு என்றும் பேரேடு என்றும் இரண்டு வைத்திருந்தனர். நடந்ததை நடந்த வரிசையில் முதலில் நாளேட்டில் எழுதுவர். பின்னர்த் தலைப்புவாரியாகப் பேரேட்டில் பதிவர். பேரேட்டில் பிழை நேரினும் நாளேட்டைக் கொண்டு திருத்திவிடலாம். போஸ்ட்கிரெஸ் 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 7.1ஆம் பதிப்பு முதல் இத்தகைய முறையையே பின்பற்றி வருகிறது. இந்த நாளேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பிறந்த வரலாறு

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் என்னும் பேராசிரியர்கள் இங்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை ஆக்கினர். அதனையடுத்து 1986ஆம் ஆண்டில் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சிக்கு, 'இங்கிரெஸுக்குப் பின் வந்தது' என்னும் பொருளில் போஸ்ட்கிரெஸ் என்று பெயர் வைத்தனர். இத்துறைக்கு ஆற்றிய தொண்டுக்காக ஸ்டோன்பிரேக்கர் 2014ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றார்.

1994ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவ்வாராய்ச்சியை முடித்துக்கொண்டது. பொதுவாக இத்தகைய ஆராய்ச்சிகள் அத்துடன் அடங்கிவிடுவதே வழக்கம். ஆனால், ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரண்டு மாணவர்கள், யாவரும் பயன்படுத்தும் எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியை அதனுள் புகுத்தி, 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1996ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். மார்க் ஃபோர்னியர் என்பார் பணி நடப்பதற்கு ஒரு கணினியை அளித்தார். அமெரிக்காவிலிருந்து புரூஸ் மாம்ஜியனும், ரஷ்யாவிலிருந்து வதிம் மிகேயெவும், வேறு பலரும் கைகொடுத்தனர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் முழுப்பெயர் சூட்டப்பெற்று, 1997 ஜனவரியில் 6.0 பதிப்பு வெளிவந்தது. பெற்றவர் விட்ட குழந்தையை ஊரார் எடுத்து வளர்த்தது போன்றது இது.

இம்மென்பொருளின் மூலநிரல், அதாவது அது எங்ஙனம் ஆக்கப்பட்டது என்பதைக் காட்டும் எழுத்து முழுவதும், எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. எவரும் அதை எடுக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை விற்கவும் செய்யலாம். உரிமக் குறிப்பை நீக்கலாகாது என்பதே நிபந்தனை. இத்தகையவற்றைத் திறமூல மென்பொருள் என்று அழைக்கிறோம்.

யார் முடிவு செய்கின்றனர்?

எவருக்கும் உடைமையில்லாத ஒன்றில், எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று யார் முடிவு செய்கின்றனர் என நீங்கள் கேட்கலாம். தலைவர் என்று ஒருவர் அங்கு இல்லை. நிருவாகப் பொறுப்புகளைக் கவனிக்க ஒரு சிறு மையக் குழு உண்டு. மூலநிரலில் மாற்றத்தைப் பதியும் உரிமை சுமார் முப்பது பேரிடம் உள்ளது. ஆனால், மாற்றத்தை முன்மொழியும் உரிமையும், பிறர் முன்மொழிந்ததை மறுத்துரைக்கும் உரிமையும் உலகத்தார் அனைவருக்கும் உண்டு. முன்மொழிபவர் தம் மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும். மறுப்பவரும் காரணத்தை எழுதவேண்டும். மறுப்புக்கு விடை கிடைக்காதவரை மாற்றம் நகர்வதில்லை. கைகளை எண்ணி முடிவு செய்யும் வழக்கம் அங்குப் பெரிதும் இல்லை; எதிர்ப்பவர் உள்ளமும் ஓரளவேனும் இசையும் வரையில் பேசுகின்றனர்.

இவ்விவாதம் முடிவின்றி நீளாமல் இருக்க, வேளாண்மைக்குப் பருவம் இருப்பது போன்று அவர்களும் பருவம் வகுத்திருக்கின்றனர். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச்சு ஆகிய ஐந்து மாதங்களிலும் வந்து சேர்ந்த மாற்றங்களைக் கூடி ஆராய்கின்றனர். ஏப்ரல் மாதத்துடன் புதியன புகுத்துவது நிறுத்தப்படும். அதன்பின் பிழை களைவதே வேலை. செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஆண்டுப் பதிப்பு வெளிவரும். 18ஆம் பதிப்பு அவ்வாறே 2025 செப்டம்பரில் வெளிவந்தது.

அங்கு இன்னொரு நல்ல நெறியும் உண்டு. தம் மாற்றத்தைப் பிறர் ஆராயவேண்டும் என்று கொடுப்பவர், அதே அளவு கடினமான பிறர் மாற்றம் ஒன்றைத் தாமும் ஆராய்ந்து தரவேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி உழைத்து நடவை முடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது அன்றோ? இதுவும் அதை ஒத்ததே.

சேர்த்ததைத் திரும்ப எடுத்த நிகழ்ச்சி

இனி, இவ்விவாத முறை எவ்வாறு பயன் தந்தது என்பதற்குச் சான்று காட்டுவோம்.

ஒரு பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் முன்னமே இருந்தால் அதைத் திருத்துவது, இல்லையேல் புதிதாகச் சேர்ப்பது, இவ்விரண்டையும் ஒரே கட்டளையால் செய்யும் வசதிக்கு 'மெர்ஜ்' என்று பெயர். பயன்படுத்துவோர் பலர் இதனை நெடுநாளாக வேண்டி வந்தனர். 2018 ஏப்ரல் தொடக்கத்தில், அவ்வாண்டின் வாயில் அடைபடும் தறுவாயில், அவ்வசதி மூலநிரலில் சேர்க்கப்பட்டது. உடனே, அதன் உள்ளமைப்புச் சரியில்லை என்று அனுபவம் மிக்க சிலர் மறுத்துரைத்தனர். விவாதம் சூடாகவே நடந்தது. சில நாள்களுக்குள், சேர்த்தவரே அதைத் திரும்ப எடுத்துவிட்டார்.

மெர்ஜ் மீண்டும் வந்தது 2022 அக்டோபரில் வெளியான 15ஆம் பதிப்பில்தான். இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இத்தாமதம் தகுமா என்று கேட்பவர் உண்டு. அவசரமாகக் கட்டிய மதகு முதல் வெள்ளத்தில் போகுமானால், இழப்பு மதகின் செலவோடு நிற்பதில்லை. பிறர் தம் வரவு செலவையும் நிலவுரிமையையும் நம்பி ஒப்படைக்கும் இடத்தில் 'இன்னும் முதிரவில்லை' என்று சொல்லும் துணிவும், அதைக் கேட்டுப் பின்வாங்கும் பெருந்தன்மையும் வேண்டும்.

இருபது ஆண்டு மறைந்திருந்த குறை

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் பெரியது. கணினியில் எழுதப்படும் பதிவு நேரே வட்டுக்குச் செல்வதில்லை. முதலில் கணினியின் நினைவகத்தில் தங்கிப் பின்னரே வட்டில் இறங்கும். எனவே தரவுத்தளம், 'நாம் கொடுத்தன யாவும் வட்டில் சேர்ந்தனவா?' என்று இயங்குதளத்தை அவ்வப்போது கேட்கும். 'சேர்ந்தன' என்று விடை வந்த பின்னரே, பேரேடு சரியாகிவிட்டது என்று கொண்டு நாளேட்டின் பழைய தாள்களை நீக்கும்.

வட்டில் கோளாறு ஏற்பட்டு எழுத இயலாமற் போனால் என்ன நிகழும்? 'சேரவில்லை' என்று விடை வரும், மீண்டும் கேட்போம், சேர்ந்தபின் நாளேட்டை நீக்குவோம் என்று போஸ்ட்கிரெஸை ஆக்கியோர் கருதியிருந்தனர். 2018 மார்ச்சு இறுதியில் கிரெய்க் ரிங்கர் என்பவர் ஒரு செய்தியைப் பொதுவில் வைத்தார். லினக்ஸ் இயங்குதளம் 'சேரவில்லை' என்று ஒருமுறைதான் சொல்கிறது. மறுமுறை கேட்டால், எழுதப்படாத அப்பகுதியை மறந்துவிட்டு, 'எல்லாம் நலம்' என்று விடையளித்துவிடுகிறது என்பதே அச்செய்தி. அவ்விடையை நம்பி நாளேட்டை நீக்கினால், பதிவு எவருக்கும் தெரியாமலே அழிந்துபோகும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்தத் தவறான நம்பிக்கையின் மேல் அம்மென்பொருள் இயங்கி வந்தது!

இச்செய்தியை மறைத்து வைப்பது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் மறைக்கவில்லை. லினக்ஸை ஆக்குவோரிடமும் சென்று வாதாடினர். 'எழுத இயலாததை நீங்கள் மறக்கலாமா?' என்றனர் இவர்கள். 'எழுதுகருவியையே ஒருவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால், எழுதவே முடியாதவற்றை எத்தனை காலம் நினைவகத்தில் சுமப்பது? கணினியே நின்றுவிடுமே!' என்றனர் அவர்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. அயலாரைக் குறை கூறிக்கொண்டிருப்பதால் பயனர் பதிவுகள் காக்கப்படா என்று உணர்ந்து, போஸ்ட்கிரெஸை ஆக்குவோர் தம் வழியை மாற்றிக்கொண்டனர். 'சேரவில்லை' என்னும் விடை ஒருமுறை வந்தாலே, இனி மறுமுறை கேட்பதில்லை. உடனே வேலையை நிறுத்தி, நாளேட்டைக் கொண்டு பேரேட்டை முதலிலிருந்து சரிபார்ப்பது என்று வகுத்தனர். 2019 பிப்ரவரி 14ஆம் நாள், அப்போது ஆதரவில் இருந்த ஐந்து பதிப்புகளுக்கும் இத்திருத்தம் வெளியிடப்பட்டது.

குறையற்ற பொருளை மனிதர் ஆக்குவது அரிது. ஆனால், குறையை எவர் கண்டாலும் உரக்கச் சொல்லலாம் என்னும் சூழ்நிலை இருந்தமையால், இருபது ஆண்டு மறைந்திருந்தது ஓராண்டுக்குள் திருத்தம் பெற்றது.

ஒரு கைக்குள் போகாமல் காத்தல்

மூன்றாவது, உடைமை பற்றியது. இவ்வேலையில் ஈடுபடுவோர் அனைவரும் ஊதியமின்றி உழைக்கின்றனர் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுட் பலர் இம்மென்பொருளைச் சார்ந்து தொழில் நடத்தும் நிறுவனங்களில் சம்பளம் பெறுபவர்கள். இதில் குற்றமில்லை, ஆனால் அபாயம் உண்டு.

வேறு தரவுத்தளங்களின் கதையைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்னும் புகழ்பெற்ற திறமூலத் தரவுத்தளம் ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. 2008ஆம் ஆண்டில் சன் நிறுவனம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2010ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அக்கைமாற்றம் பிடிக்காதவர்கள் மரியாடிபி என்று தனியே பிரிந்து சென்றனர். மாங்கோடிபி என்னும் மற்றொன்றின் நிறுவனம், 2018ஆம் ஆண்டில் தன் உரிமத்தையே கடுமையாக்கிக்கொண்டது. உடைமையாளர் ஒருவராக இருக்கையில், அவர் மனம் மாறினால் எல்லாம் மாறும்.

போஸ்ட்கிரெஸின் மையக் குழுவில் எந்த ஒரு நிறுவனத்தைச் சார்ந்தோரும் பாதிக்கு மேல் இருத்தலாகாது என்பது நெடுநாள் வழக்கம். 2020 செப்டம்பரில் என்டர்பிரைஸ்டிபி என்னும் நிறுவனம் செகண்ட்குவாட்ரண்ட் என்னும் நிறுவனத்தை வாங்கியபோது, ஐவர் கொண்ட குழுவில் மூவர் ஒரே நிறுவனத்தாராயினர். எவரும் தீங்கு செய்யவில்லை. எனினும் குழு வாளாவிருக்கவில்லை. நிலைமையை வெளிப்படையாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வேறிடங்களைச் சார்ந்த இருவரைச் சேர்த்து, எழுவர் ஆக்கியது. மூவர் மூவராகவே இருந்தனர். பெரும்பான்மை மட்டும் அவர்களிடமிருந்து நீங்கியது. தீங்கு நேர்ந்தபின் கூச்சலிடுவதைவிட, நேருமுன் வாயிலை அடைப்பது அறிவுடைமை.

குறைகளும் உண்டு

நாம் புகழ்ந்துரைக்க மட்டும் வரவில்லை. ஆராய்ந்து பார்ப்போர் தொகை, மாற்றம் கொண்டுவருவோர் தொகையைவிடக் குறைவாகவே இருக்கிறது. எனவே நல்ல மாற்றங்களும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. விவாதம் ஆங்கிலத்தில் நடப்பதால், அம்மொழியில் வாதாடும் பயிற்சி இல்லாதவர் பின்தங்கி நிற்கின்றனர். கடுஞ்சொல்லால் மனம் நொந்து விலகுவோரும் இருப்பர் என்பதை உணர்ந்தே, 2018ஆம் ஆண்டில் நடத்தை நெறி ஒன்றையும் வகுத்துக்கொண்டனர். விவாதம் வேண்டும்; வசை வேண்டா.

நாம் கொள்ளத்தக்கவை

இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை, அரசு அலுவல்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தருமாறு கூறுகிறது. ஆகவே, இத்தகைய பொதுச் சொத்துகளோடு நம் அலுவலகங்களுக்குள்ள தொடர்பு வளர்ந்தே தீரும். அது குறித்து மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, விலையில்லாதது என்பதால் செலவில்லாதது என்று கருதவேண்டா. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகளே திருத்தங்கள் வரும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறியாக வேண்டும். உரிமக் கட்டணத்தில் மீதமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குவது கடமை. பதிவுகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வைப்பதும், அப்படியிலிருந்து மீட்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்துப் பார்ப்பதும் இன்றியமையாதன. மீட்டுப் பார்க்காத படியை நம்புவது, இறைத்துப் பார்க்காத கிணற்றை நம்புவது போன்றது.

இரண்டாவது, நம் இளைஞர்கள் இப்பணியில் கொள்பவராக மட்டும் இராமல் கொடுப்பவராகவும் ஆகவேண்டும். பெரிய மேதையாக இருக்க வேண்டுவதில்லை. கண்ட பிழையைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பதும், பிறர் செய்த மாற்றத்தை நிறுவிச் சோதித்துச் சொல்வதும், விளக்க நூலில் உள்ள தெளிவின்மையைச் சுட்டிக்காட்டுவதும் தொண்டே. அத்தொண்டுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது, நம் கிராம சபைகளுக்கும் இதில் பாடம் உண்டு. முன்மொழிவை அதன் காரணத்தோடு முன்கூட்டியே யாவரும் காண வையுங்கள். மறுப்பவரைப் பகைவராக எண்ணாமல், அவர் சொல்லும் காரணத்தை ஏட்டில் எழுதுங்கள், விடை கூறுங்கள். ஒரு தெருவினரோ ஒரு குழுவினரோ மட்டும் முடிவு செய்யும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். செய்த முடிவு தவறென்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறுவதை இழிவாகக் கருதாதீர்கள்.

ஒருவரையொருவர் நேரில் பார்த்தேயிராத மக்கள், கடல் கடந்து, மொழி கடந்து, இத்தனை ஆண்டுகள் இந்நெறிகளைக் கைக்கொள்ள முடிந்ததென்றால், ஒரே தண்ணீரைக் குடித்து வாழும் நம்மால் முடியாதா? அடுத்த கிராம சபையில் உங்கள் ஊரின் கணக்கை மக்கள் முன் விரித்து வைக்கும்போது, முதற்கேள்வி கேட்பவரை முகமலர்ந்து வரவேற்று, அவர் கேள்விக்கு விடையளித்த பின்னரே அடுத்த பொருளுக்குச் செல்லுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டு, நம் உரையை நிறைவு செய்கிறோம்.